வேலி போடுமுன் எடுத்த படம்

மிஸ்டர் பதியுதீன், இந்தக் கொழும்பில் சொன்ன தவணைக்கு முன்னமே வேலையை முடித்துக் கொடுத்த ஒரு மேசன் பாஸையாவது நீங்கள் கண்டிருக்கிறீர்களா? என் வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதிக்க வந்தவர், பொங்கலுக்கு முதல் முடித்துத் தருகிறேன் என்று சொல்லி, தீபாவளிக்கும் வந்துகொண்டுதான் இருந்தார். அப்படிப்பட்ட ஊரில் ஜெயகுமார் என்கிற கொந்தராத்துக்காரர், தொடங்க வேண்டிய நாளுக்கு முன்னமே தொடங்கி, முடிக்க வேண்டிய நாளுக்கு முன்னமே முடித்துவிட்டார். எல்லாம் அதில் வந்த வினை. அவர் மற்றவர்களைப் போல இழுத்தடித்திருந்தால் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் இந்தப் பொலிஸ் நிலையக் கதிரையில் இருக்க மாட்டேன்.

என் பெயர் யோகநாதன். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடியில் இருக்கிறேன். ஒரு கம்பனியின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு முகாமையாளர். எந்தக் கம்பனி என்று உங்களுக்குத் தெரியும். வாக்குமூலத்தில் மட்டும் பெயரைப் போட வேண்டாம்; 'முன்னணி நிறுவனம் ஒன்று' என்று எழுதினால் போதும். கம்பனி சம்பாதிப்பதில் ஒரு பங்கைச் சனங்களுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. பெரிய மட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிற வேலை என்று என் மச்சான்மார் நக்கலடிப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. செய்வதைச் செய்து காட்டிவிட்டுத்தான் பல்லைக் காட்டுவேன்.

நான் வந்தது மயிலம்மாவுக்காக. கால்வாய்க் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்ச் சொந்தப் பிள்ளையைச் சாகக் கொடுத்தவள் என்று அவள் மீது வழக்கு இருக்கிறது. நாளைக்குக் கல்கிசை நீதிமன்றத்தில் எடுக்கிறார்கள். அவள் மீது பிழை என்று முடிவானால், மிச்சமிருக்கிற மூத்தவள் சுதர்சினியை நன்னடத்தைப் பிரிவினர் தாயிடமிருந்து எடுத்து ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கதவை மயிலம்மா திறக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இடையில் பிடித்துச் சொன்னால் என்னைப் பற்றி நீங்கள் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்.

வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் இருக்கிற அந்தத் தோட்டம் உங்களுக்குத் தெரியும். பெயர்தான் தோட்டம்; மருந்துக்கும் ஒரு செடி இல்லை. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிற பலகை வீடுகள், தகரக் கூரை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். பின்கதவைத் திறந்தால் கொஞ்சம் மண். மண் முடிகிற இடத்தில் கால்வாய். பெரும்பாலும் மலையகத்திலிருந்து பிழைக்க வந்த சனங்கள். நான் முதல்முதல் அங்கே போன அன்றைக்கு, ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்றைப் பழைய சேலைத் துண்டால் கட்டில் காலில் கட்டியிருந்தார்கள். தாய் வேலைக்குப் போய்விட்டாள். அவிழ்த்துவிட்டால் தண்ணீருக்குள் போய்விடுமாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முந்திய வருடங்களில் அங்கே பிள்ளைகள் விழுந்தும் இருக்கிறார்கள், ஒன்று செத்தும் இருக்கிறது.

வேலி என்பது என்னுடைய யோசனை. அனுமதி எடுக்க ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கி நாய் படாத பாடு பட்டேன். கரை நெடுக இரும்புத் தூண்கள் நட்டு, அவற்றின் இடையே நெஞ்சளவு உயரத்துக்குக் கம்பித் தட்டிகள். கால்வாய் தூர்வார ஆட்கள் வரும்போது கழற்றி வைக்கலாம் என்று தட்டிகளைக் கொக்கியில் கொளுவுகிற மாதிரிச் செய்தார் ஜெயகுமார். ஒருவரே தூக்கி மாட்டலாம். கழுவின தண்ணீர் ஊற்ற இடையிடையே சின்னக் கதவுகள். கதவின் கொளுக்கி உயரத்தில் இருக்கும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எட்டாது. அந்த உயரத்தை நானே அங்கிருந்த பிள்ளைகளை நிற்கவைத்துப் பார்த்துத்தான் குறித்தேன். சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கரையில் இப்படி ஒரு வேலி அதற்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை.

வேலி வந்த பிறகு அந்தத் தோட்டம் மாறிப்போனது. சேலைத் துண்டுகளை எறிந்துவிட்டார்கள். வேலியில் உடுப்புக் காய்ந்தது, மாலையில் பெண்கள் அதில் கையூன்றி நின்று ஊர்க்கதை கதைத்தார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. முதுகைக் கொடுத்துத் தொம்மென்று சாய்வார்கள், கம்பி உள்ளே வாங்கி மறுபடி தள்ளும், அதற்கு ஒரு சிரிப்பு. மயிலம்மாவின் சின்னவள் ரூபிகா அந்த வேலியைப் பிடித்துத்தான் எழுந்து நடக்கப் பழகினாள். கால்வாய் என்றால் பயம் என்பதே அவளுக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய சமூக மேம்பாடு என்ன இருக்கிறது சொல்லுங்கள். ஒரு தலைமுறை பயமில்லாமல் வளர்ந்தது, எங்களால்.

இரண்டு வருடம் இப்படி நன்றாகப் போனது. அப்புறம்தான் விருது விஷயம் வந்தது. எங்கள் துறையில் வெளிநாட்டுக்காரர் கொடுக்கிற விருது ஒன்று இருக்கிறது. கட்டி முடித்து இரண்டு வருடமாவது பயன் தெரிந்த திட்டத்துக்குத்தான் கொடுப்பார்கள். விண்ணப்பத்தில் அவர்கள் கேட்கிற முக்கியமான விஷயம் இரண்டு படம்: வேலை தொடங்குமுன் ஒன்று, முடிந்த பின் ஒன்று, ஒரே இடத்தில், அந்த இடத்துச் சனத்தோடு. பின்னுக்கு எடுத்த படங்கள் என்னிடம் ஆயிரம் இருந்தன. முன்னுக்கு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். படம் எடுக்க வேண்டிய லவினா, எங்கள் பிரிவில் வேலை செய்கிற பிள்ளை, அப்போது டெங்கு பிடித்துப் படுத்திருந்தாள். நான் சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தேன். இரும்பு வந்துவிட்டதென்று ஜெயகுமார் கேட்பார் பார்ப்பாரில்லாமல் வேலையைத் தொடங்கிவிட்டார். நான் வந்து இறங்கியபோது பச்சை வேலி பளபளவென்று நின்றது. சந்தோஷத்தில் ஒருவருக்கும் படத்தின் நினைவு வரவில்லை. லவினா நான் எடுத்திருப்பேன் என்று இருந்தாள், நான் அவள் எடுத்திருப்பாள் என்று இருந்தேன். இரண்டு வருடம் கழித்துக் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது.

விருது எனக்காக இல்லை, மிஸ்டர் பதியுதீன். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இதே மாதிரி ஒரு கரை, இதே மாதிரிப் பிள்ளைகள். அங்கே இரண்டாவது வேலி போட நான் கேட்டபோது சேர்மன் நேரடியாகச் சொல்லிவிட்டார்: விருது கிடைத்தால் வேலி, இல்லையென்றால் அந்த நிதி கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு. எனக்கு முன்னால் ஒரு பக்கம் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் உயிர், மறுபக்கம் இல்லாத ஒரு படம். நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

லவினா ஒரு வழி சொன்னாள். கால்வாயின் மேல்பக்கம் வேலி இல்லாத இடங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை எடுத்து அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்றாள். நான் அவளைக் கூப்பிட்டு இருத்திப் புத்தி சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் ஒரு பொய்ப்படம் அனுப்பியதில்லை. ஓர் இடத்தை இன்னோர் இடமென்று காட்டுவது சனங்களை ஏமாற்றுகிற வேலை. இந்தத் துறையில் நேர்மை போனால் மிச்சம் ஒன்றுமில்லை என்றேன். பாவம், அவளுக்கு முகம் கறுத்துப்போனது.

அதனால்தான் உண்மையான இடத்திலேயே, உண்மையான நிலையைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன். ஒரு காலைப்பொழுது வேலை. மயிலம்மாவின் வீட்டுப் பின்பக்கத்தைத் தெரிவுசெய்தேன். அந்தப் பலகைச் சுவர் இன்னும் பழையபடியே இருந்தது. மயிலம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழிகிறவள், விடிய முதலே பஸ் பிடித்துப் போய்விடுவாள். புருஷன் கட்டாருக்குப் போய் அப்படியே இருந்துவிட்டான். சுதர்சினி பள்ளிக்குப் போன பிறகு சின்னவளைப் பக்கத்து வீட்டு இரத்தினம்மா பார்த்துக்கொள்வாள். முதல் நாள் மயிலம்மாவிடம் கேட்டேன். அவள் உடனே சம்மதித்தாள். நீங்க போட்ட வேலி, நீங்க என்னா செஞ்சாலும் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.

காலையில் ஜெயகுமார் ஒரு லொறியில் குப்பை கொண்டுவந்தார். டயர், போத்தல், கிழிந்த மெத்தை. நாங்கள் போகுமுன் அந்தக் கரை கோயில் முற்றம் மாதிரிச் சுத்தமாக இருந்தது. சனங்கள் பழகிவிட்டார்கள், ஒரு கடதாசித் துண்டுகூடப் போடுவதில்லை. அதில் போய்க் குப்பையைப் பரப்புவதற்கு ஜெயகுமாருக்கே கை கூசியது. இரத்தினம்மா பின்கதவில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வேலி போட்டப்ப இந்தக் குப்பைய அள்ளத்தானே லொறி கொண்டாந்தீங்க ஐயா. இப்ப எதுக்குத் திரும்பக் கொண்டாந்து கொட்றீங்க?"

திரும்ப அள்ளிக்கொண்டுதான் போவோம் என்றேன். அப்படியே செய்தோம். அந்தக் குப்பையில் ஒரு துரும்பு அங்கே மிஞ்சவில்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

இரண்டு தட்டிகளைக் கழற்றிச் சுவரில் சாத்தினோம். தூண்கள் படத்தில் விழாத கோணத்தை முதலே பார்த்து வைத்திருந்தேன். லொறிக்காரன் பெரிய தெருவில் நிற்க இடமில்லை என்று கத்திக்கொண்டு நின்றதால் ஜெயகுமார் அவனைச் சமாளிக்கப் போனார். இரத்தினம்மா எங்களுக்குத் தேத்தண்ணீர் வைக்க உள்ளே போனாள். நானும் ரூபிகாவும் மட்டும்தான் கரையில்.

பிள்ளை வடிவான ஒரு மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். அது சரிவராது என்று இரத்தினம்மாவிடம் சொல்லி, தமக்கையின் பழைய சட்டையில் கிழிந்த ஒன்றை முதலே மாட்டுவித்திருந்தேன். தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. படத்துக்கு அது நல்லது. கரை ஓரத்தில், தண்ணீருக்கு முதுகு காட்டி, ஒரு டயருக்குப் பக்கத்தில் இருத்தினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். சிரிப்பதை நிறுத்தவே மாட்டேன் என்கிறாள். வேலி இல்லாத இடத்துப் பிள்ளை அப்படிச் சிரிக்காது.

"பிள்ளை, சிரிக்காதைங்கோ. சும்மா நிலத்தைப் பாருங்கோ" என்றேன்.

அவள் சொன்னதைக் கேட்டாள். தலையைக் குனிந்து, உதட்டைப் பிதுக்கி, அப்படி ஒரு முகம். நல்ல பிள்ளை. அந்தப் படம்தான் வந்தது. எடுத்து முடிந்தது, இனி எழும்பலாம் என்று சொன்னேன். வேலை முடிந்த சந்தோஷத்தில் அவள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். முதுகைக் கொடுத்துத் தொம்மென்று பின்னால் சாய்ந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். வேலி போடுமுன் அந்தக் கரையில் ஒரு பிள்ளையும் அப்படிச் சாயாது. மண்ணின் விளிம்பைக் கண்டாலே நாலு காலில் தவழ்ந்து பின்வாங்கும். அந்தப் பயத்தை எடுத்தது நாங்கள். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன், டயரிலிருந்து கிழிந்த சட்டை வரைக்கும். அந்தப் பயத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டமிடலில் ஏற்பட்ட குறை என்று இதைச் சொல்லலாம். அந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது நான் செய்தது, தட்டிகளை மாட்டியது.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், சொல்கிறேன். அந்த நேரத்தில் யாராவது பின்கதவைத் திறந்து பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பார்கள்? கம்பனி போட்ட வேலியைக் கம்பனியே கழற்றிவிட்டு, பிள்ளை விழுந்துவிட்டது. அடுத்த நாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கும். சேர்மன் அந்தப் பிரிவையே இழுத்து மூடியிருப்பார். கொட்டாஞ்சேனைக்கு வேலி இல்லை, அதற்குப் பிறகு எந்தக் கரைக்கும் இல்லை. எந்தக் கம்பனிதான் இனி ஒரு பிள்ளைக்கு நல்லது செய்ய முன்வரும்? என் தலைக்குள் அந்தக் கணத்தில் ஓடியது அந்தப் பிள்ளைகள்தான். ஒரு பிள்ளையைப் பார்ப்பதா, நூறு பிள்ளைகளைப் பார்ப்பதா என்று இருந்தது. முதல் தட்டி சுலபமாக ஏறிவிட்டது. இரண்டாவது கொஞ்சம் அடம்பிடித்தது.

பிறகு கதவைத் திறந்துவிட்டேன். வேலியும் ஒழுங்காக நின்று, கதவும் மூடியிருந்தால் பிள்ளை எப்படித் தண்ணீருக்குப் போனது என்ற கேள்வி வரும் அல்லவா. அதற்குப் பிறகுதான் அந்தக் கதவால் இறங்கி அவளைத் தூக்கினேன். தூக்கிக்கொண்டு சத்தம் போட்டேன். இரத்தினம்மா கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஓடிவந்தாள். வேலி நின்றதை அவள் கண்டாள். ஜெயகுமாரும் ஓடிவந்தார். அவர் தட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடுப்புவரை மட்டும் நனைந்த என் உடுப்பைப் பார்த்தார்.

"சேர், நான் வர முதலே மாட்டிட்டியளோ?" என்று மட்டும் கேட்டார்.

ஓம் என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கொட்டாஞ்சேனை வேலையையும் அவருக்குத்தான் கொடுத்தேன். அதுவும் தவணைக்கு முதல் முடிந்துவிட்டது.

முச்சக்கர வண்டியில் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மடியில் வைத்துக்கொண்டு போனது நான்தான். போகிற வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் தோட்டத்துச் சனம் கூடி அழுதது. அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, நீங்கள் குதித்துத் தூக்கினீர்களே ஐயா, பெத்த தகப்பன்கூடச் செய்ய மாட்டான் என்றார்கள். கம்பனியின் மாதச் செய்திமடலில் என்னைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஊழியர்களுக்கு ஓர் ஊக்கமாக இருக்கும் என்று சேர்மன் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. செத்தவீட்டுச் செலவு முழுக்க எங்கள் பிரிவு ஏற்றது.

உங்களுக்கு முதல் இருந்த இன்ஸ்பெக்டர் அன்றைக்கே வந்து விசாரித்தபோது, படமெடுத்து முடிந்து தட்டிகளை மாட்டிவிட்டோம், அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்தேன், கதவு திறந்து கிடந்தது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். யார் திறந்தது என்று நான் யாரையும் சுட்டிக் காட்டவில்லை. சனம்தான் காட்டியது. காலையில் பள்ளிக்குப் போகுமுன் சுதர்சினி அந்தக் கதவால் போய்க் கழுவின தண்ணீர் ஊற்றியதை நாலு பேர் கண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை, கொளுக்கி போட்டேன், போட்டேன் என்று விக்கி விக்கி அழுதாள். பத்து வயதுப் பிள்ளை சொல்வதை யார் நம்புவார்கள்? எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் மயிலம்மா முன்னால் வந்தாள். கடையிலிருந்து அப்படியே ஓடிவந்தவள். கையில் மா காய்ந்து ஒட்டியிருந்தது.

"சின்னப் புள்ளய ஒண்ணும் கேக்காதீங்க ஐயா. கதவத் தொறந்து போட்டுட்டுப் போனது நாந்தான்."

இரண்டே வசனம். நான் இவ்வளவு நேரம் கதைத்தும் முடிக்காததை அவள் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். மகள் திறந்துவிட்டாள் என்று அவள் நம்பிவிட்டாள். மகளைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுத்தாள். கேட்டுக்கொண்டு நின்ற எனக்குக் கண் கலங்கியது. இந்தச் சனங்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது என்று அன்றிரவு மனைவியிடம் சொன்னேன்.

அதனால் வந்ததுதான் வழக்கு. தாயே ஒப்புக்கொண்ட பிறகு பொலிஸ் வேறு என்ன செய்யும்? கவனமில்லாத தாய் என்றாகிவிட்டது. அந்த வழியில் நன்னடத்தைப் பிரிவு மூத்த பிள்ளையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியது. மகளைக் காப்பாற்றச் சொன்ன பொய்யே மகளைப் பறிக்கப் பார்த்தது. இப்போது சுதர்சினி எந்தக் கதவைச் சாத்தினாலும் திரும்பிப் போய் இழுத்து இழுத்துப் பார்க்கிறாளாம். பள்ளிக்குப் போகிற பாதி வழியில் திரும்பி ஓடி வருகிறாளாம். இரத்தினம்மா சொன்னாள். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. உடனே ஒரு மனநல ஆலோசகரை ஒழுங்குசெய்து கொடுத்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதை நீங்கள் எழுத வேண்டும். மயிலம்மாவுக்குச் சட்டத்தரணி பிடித்துக் கொடுத்ததும் நான்தான். புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், சிவக்கொழுந்து என்று ஒருவர், சின்ன அறை, பெரிய மூளை. எங்கள் பிரிவின் நிதியிலிருந்துதான் அவருக்குக் கொடுத்தோம். இடையில் விருதும் கிடைத்தது, இரண்டாம் இடம். படத்தை அப்படியே அனுப்பவில்லை. பிள்ளையின் முகத்தை மங்கலாக்கித்தான் அனுப்பினேன். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சிறுவர்களின் முகத்தைக் காட்டக்கூடாது என்பது எங்கள் கொள்கை, அதில் நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. கொட்டாஞ்சேனையில் வேலி எழும்பிவிட்டது. அங்கே முதல் தூண் நடுவதற்கு முதல் நாளே படம் எடுத்துவிட்டோம். இன்றுவரை அங்கே ஒரு பிள்ளையும் விழவில்லை.

இத்தனை மாதம் சொல்லாமல் ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

போன வழக்குத் தவணையில் சிவக்கொழுந்து ஒரு புது வாதம் வைத்தார். மயிலம்மா விடியமுதல் போனவள், கதவைத் திறந்திருக்க முடியாது. அவள் சொன்னது அதிர்ச்சியில் சொன்னது. மகளும் கொளுக்கி போட்டதாகத்தான் சொல்கிறாள். அப்படியென்றால் கொளுக்கிதான் பிழை. சின்னப் பிள்ளை தள்ளினாலே திறந்துகொள்கிற, தரமில்லாத கொளுக்கி. கவனமில்லாதது தாய் இல்லை, வேலியைப் போட்டவர்கள்தான் என்றார். நீதவான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். வேலியைப் பரிசோதித்து நாளைக்கு அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார். நான் பிடித்துக் கொடுத்த சட்டத்தரணி, மிஸ்டர் பதியுதீன். எங்கள் நிதியில்.

அந்த வாதம் எடுபட்டால் மயிலம்மா வழக்கிலிருந்து வெளியே வந்துவிடுவாள், பிள்ளையும் அவளிடமே இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் வேலி? அன்றைக்கே ஒரு பத்திரிகையில் 'உயிர் குடித்த வேலி' என்று தலைப்புப் போட்டுவிட்டான். நீதிமன்ற வாசலில் மயிலம்மா என்னிடம் வந்து நின்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தாள்.

"வக்கீல் சொல்றத மனசுல வச்சுக்காதீங்க ஐயா. ஒங்க வேலியக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. எங்க புள்ளைங்க அதுல சாஞ்சுதான் வளந்துச்சுங்க."

பிள்ளை செத்ததிலிருந்து நான் அழவில்லை. அன்றைக்குக் காருக்குள் ஏறியிருந்து அழுதேன்.

தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்கிறீர்களா? அது எங்கள் திட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் என் இடுப்பளவு. ஓம், இறங்கியிருந்தால் உடனே தூக்கியிருக்கலாம். அவள் கரைக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அங்கிள் என்று கூப்பிட்டாள். சத்தமாக இல்லை, வீட்டுக்குள் கேட்கிற அளவுக்கு இல்லை. இரண்டாவது தட்டியின் கொக்கி விழும்வரைக்கும் கேட்டது. நான் பயத்தில் அறிவிழந்து செய்தேன் என்று எழுத வேண்டாம். தெளிவாகத்தான் இருந்தேன்.

இவ்வளவையும் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். வாசித்துப் பாராமலே கையெழுத்து வைக்கிறேன். ஒரு வசனத்தை மட்டும் நான் சொல்கிறபடியே, மாற்றாமல் போடுங்கள். அந்தக் கொளுக்கியில் ஒரு பிழையும் இல்லை, அதைத் திறந்தது நான்.